இரண்டாம் பருவ நிறைவும் பழைய துணி குறித்த வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வை மாணவர்கள் சிறப்பாக எழுதினார்கள். விளையாட்டிலும் கலைநிகழ்ச்சிகளிலும் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இப்பருவத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு, வீட்டில் கழித்த பருத்தித் துணியிலிருந்து கரும்பலகைத் துடைப்பான், மேசைத் துணி, தரை துடைக்கும் மாப்பு ஆகியவற்றைத் தாமே செய்யும் பயிற்சி அளித்தோம். அது குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது.

பிள்ளை வெறுங்கையுடன் போகக் கூடாதே என்ற அக்கறையில் பல வீடுகளிலிருந்து புதுத் துணி வந்தது. பர்கூர் ஜவுளிக் கடைகள் பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு துண்டு வாங்கி அனுப்புவது எளிது என்பதை அறிவோம். ஆனால் கஞ்சி போகாத புதுத் துண்டு தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. புது லுங்கியில் சாயம் போகும். பலமுறை துவைத்து நைந்த வேட்டிதான் இந்த வேலைக்கு ஏற்றது. வேறு சில வீடுகளிலிருந்து பாலியஸ்டர் சேலைகள் வந்தன. வகுப்பில் இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம்: வேட்டியில் விழுந்தவுடன் பரவி மறைந்தது, சேலையில் முத்துப்போல் உருண்டு நின்றது. அத்துடன், பாலியஸ்டரைத் துவைக்கும்தோறும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன.

செய்முறை கடினமானதன்று. வேட்டித் துணியை நான்காக மடித்து, ஓரங்களை உள்ளே தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டம் போட்டால் துடைப்பான் ஆகிவிடும். லேசாக நனைத்துத் துடைத்தால் சாக்பீஸ் தூள் பறக்காமல் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். பனியன் துணி வெட்டிய இடத்தில் நூல் பிரியாது என்பதால், தைக்காமலே பட்டைகளாக வெட்டிக் கம்பில் கட்டி மாப்பாக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்கிறோம். தையற்கடையில் தைத்து வாங்கிய துடைப்பான்களுக்கு மதிப்பெண் கிடையாது. புதுத் துணி இனித் திருப்பி அனுப்பப்படும். பக்கத்து மாணவன் உறை பிரிக்காத துண்டை எடுத்து வைத்ததும், பாட்டியின் பழைய நூல் சேலைத் துண்டைக் கொண்டுவந்த பிள்ளை அதைப் பைக்குள் திணித்துக்கொண்டதை ஆசிரியர்கள் கண்டார்கள். சொன்னதைச் சரியாகச் செய்த குழந்தை கூனிக் குறுகும் நிலை இப்பள்ளியில் வரக் கூடாது.

போகி நெருங்குகிறது. பழையன கழிக்கும்போது நூல் சேலை, வேட்டி, பனியன் போன்றவற்றைத் தீயிலிடாமல் எடுத்து வையுங்கள். அவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, கொக்கி, பொத்தான், ஜிப் ஆகியவற்றை நீக்கி, பொங்கல் விடுமுறைக்குப் பின் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் போதும். அத்தகைய துணி இல்லாதவர்கள் எதையும் வாங்க வேண்டாம்; பள்ளியில் இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம்.

வேலை நாளென்றும் பாராமல் வகுப்பறைக்கு வந்து, ஊசியில் நூல் கோப்பதிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த தாய்மார்களுக்கும், துணி அனுப்பிய அனைவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி,
பர்கூர் ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்.