மேக்ஸ்வெல்லின் உருண்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்காந்தவியல் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஃபாரடே பகுதி அருமை. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கோட்பாட்டில் இணைத்த மேக்ஸ்வெல்லுக்கு வந்ததும் பாடப்புத்தகக் கதையே வரலாறாகிவிட்டது. மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே மின்னோட்டம் அறுந்துபோவதைக் கவனித்தாராம், மின்னோட்டத்தைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைச் சொல்லும் ஆம்பியர் விதியில் ஓட்டை தெரிந்ததாம், இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைச் சேர்த்து அடைத்தாராம். வகுப்பில் புரியவைக்க நல்ல வழிதான். நடந்தது அதுவல்ல.

1861-62இல் அவர் எழுதிய கட்டுரைகளில் ஒரு கற்பனை இயந்திரமே ஓடுகிறது. வெளி முழுக்கச் சுழலும் நுண்ணறைகள். சுழற்சியின் அச்சுதான் காந்தப்புலத்தின் திசை. அடுத்தடுத்த அறைகள் ஒரே பக்கம் சுழன்றால் உரசிக்கொள்ளுமே, அதனால் நடுவே பொடி உருண்டைகள். அவை நகர்ந்தால் மின்னோட்டம். அப்புறம், அறைகளுக்கு மீள்தன்மை உண்டு என்கிறார். மின்கடத்தாப் பொருளில் உருண்டைகள் ஓடிவிட முடியாது. சற்றே விலகி இழுபட்டு நிற்கும். அந்த விலகல் மாறும்போது அதுவும் ஒரு மின்னோட்டம். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் பிறந்த இடம் இதுதான்.

மீள்தன்மை இருந்தால் அலையும் இருக்கும். அதன் வேகத்துக்கான சூத்திரத்தைக் கிராமத்தில் இருந்தபோதே எழுதிவிட்டார். ஒளியின் வேகத்துக்கு அது இவ்வளவு நெருங்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. வெபர், கோல்ராவுஷ் இருவரும் 1856இல் வெளியிட்ட அளவீட்டைப் பொருத்தினால் நொடிக்கு 3,10,740 கி.மீ. வருகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ அளந்திருந்த ஒளியின் வேகம் 3,14,858 கி.மீ.!

கட்டுரையில் இந்த இரு ஜெர்மானியர்களின் பெயரே இல்லை. லெய்டன் ஜாடியில் (மின்தேக்கியின் பழைய வடிவம்) ஏற்றிய மின்னூட்டத்தை நிலைமின் விசையாலும், பிறகு அது பாயும்போது உண்டாகும் காந்த விளைவாலும் அளந்தவர்கள் அவர்கள். இரண்டு அளவுகளின் விகிதம் ஒரு வேகமாக வரும். வெபரின் வரையறையில் 2இன் வர்க்கமூலம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது நொடிக்கு 4,39,450 கி.மீ. அதில் ஒளி எங்கே தெரியும்? கோல்ராவுஷ் 1858இலேயே காலமானார்.

இன்னொன்று. 1865இல் மேக்ஸ்வெல் எழுதியது இன்று அவர் பெயரில் பாடப்புத்தகங்களில் வரும் 'நான்கு சமன்பாடுகள்' அல்ல, இருபது. 1880களில் அவற்றை இன்றைய வடிவுக்குச் சுருக்கியவர் ஆலிவர் ஹெவிசைட், கல்லூரிப் பக்கமே போகாத முன்னாள் தந்தி ஊழியர்.

அறுகோண அறைகளும் இடையே உருண்டைகளுமாக மேக்ஸ்வெல் வெளியிட்ட படத்தை அடுத்த இதழில் போட முடியுமா? 160 ஆண்டுகள் தாண்டிவிட்டதால் காப்புரிமைச் சிக்கலும் இராது.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் வாசகர்