எங்களோடு நின்ற எல்லாருக்கும்

அன்புடையீர்,

என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையில் கொஞ்சம் பலக்குறைவு. மற்றபடி தானாக நடக்கிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய தலைக்குள் கட்டி இருந்ததும் அதை எடுத்ததும் ஊருக்கே தெரியும். அதைக் கண்டுபிடிக்க யார் யார் காரணம் என்று எனக்குத்தான் முழுதாகத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, மண்டையைப் பிளக்கிற வலி என்றார். சோற்றுக் கோப்பை கையிலிருந்து நழுவியது. காத்தான்குடி ஓட்டோ நானா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். இன்றுவரை ஒரு சதம் வாங்கவில்லை.

சிடி ஸ்கேனில் வெள்ளையாக இரத்தம் தெரிந்தது. மூளைக்குள் இரத்தக்கசிவு என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிரசர் கூடியிருக்கும் என்றார்கள். அவருக்குப் பிரசரே இல்லை.

விடுதி டொக்டர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் ஒரு தலையை வரைந்தார். பிரசரால் வரும் கசிவு அனேகமாக மூளையின் ஆழத்தில் வரும், இவருக்கு வெளிப்பக்கம் கிட்ட வந்திருக்கிறது என்று அங்கே ஒரு புள்ளி வைத்தார். சுற்றி ஒரு வட்டம் போட்டு, "முதல் நாளே இவ்வளவு வீக்கம் இருக்கிறது, எனக்கு அது சரியாகப் படவில்லை அம்மா" என்றார். வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் போயும் இப்படிக் கசியலாம் என்று நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கேன் செய்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே கட்டி இருந்தாலும் இரத்தம் அதை மூடிக்கொண்டு நிற்கும், 2, 3 மாதத்தில் கரைந்த பிறகு கட்டாயம் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்.

ஏன் முதலிலேயே கண்டுபிடிக்கவில்லை என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். கசிந்தது உண்மையான இரத்தம்தான். அதோடு நிறுத்தாமல் ஏன் கசிந்தது என்று யோசித்த மனிதர் அவர். அவரைக் குறை சொல்ல நான் விடமாட்டேன்.

அடுத்த நன்றி கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸிக்கு. திரும்ப ஸ்கேன் எடுக்கிற திகதி வந்தபோது மாமாங்கக் கோயில் திருவிழா. இவர் எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தார். "சுகமாத்தானே இரிக்கன், இனி என்னத்துக்கு ஸ்கேன்?" என்று மறுத்துவிட்டார். மிஸி போன் எடுத்து, "தீர்த்தம் அடுத்த வருசமும் வரும், ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அவரையே கூப்பிட்டுப் பேசினார். போனோம். இரத்தம் கரைந்த இடத்தில் கட்டி நின்றது.

கொழும்பில் சத்திரசிகிச்சை. எனக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் தன் மகனுக்குத் துணை நின்ற சிங்கள அம்மா, தெரிந்த அரைகுறைத் தமிழில் டொக்டர்மார் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னார். தேத்தண்ணீர் வாங்கினால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். அவருடைய மகனும் சுகமாக வேண்டும் என்று நாள் தவறாமல் கும்பிடுகிறேன்.

எடுத்த கட்டி ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்று வந்தது. மெதுவாக வளரும் வகையாம். அதற்குள் ஓடும் நாளங்கள் மிக மெல்லியவை என்பதால் கசியக்கூடியதாம். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. இரத்தம் கொடுத்த தம்பிமார், பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்த மாமி, லீவு தந்த அதிபர் எல்லாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பிரசர் இல்லாமல் மூளையில் இரத்தம் கசிந்திருந்தால், திரும்ப ஸ்கேன் எடுக்கத் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். எல்லாருக்கும் கட்டி இருக்காது. ஆனாலும் கேளுங்கள். திகதி தந்தால் தவற விடாதீர்கள். பயமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது, டொக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் காட்டிச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
ஆரையம்பதியிலிருந்து உங்கள் சகோதரி