கடைசி இலக்கத்தை நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நானோமீட்டர் அளவீடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை காட்டும் கருவியை வாங்கிவிட்டால் தயாரிப்பில் பிழையே வராது என்பது போல முடித்திருந்தது உறுத்தியது. அம்பத்தூரில் முப்பது வருடம் டூல்ரூமிலும் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவு) தர ஆய்விலும் காலம் தள்ளியவன் நான். திரையில் இலக்கம் வருவது வேறு, அந்த இலக்கம் சரியாக இருப்பது வேறு.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் 100 மி.மீ. ஸ்லிப் கேஜை, அதாவது நீளத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் எஃகுக் கட்டையை, வெறுங்கையால் எடுத்து, நீள வித்தியாசத்தை முள்ளில் காட்டும் கம்பேரேட்டரில் வைப்பார்கள். முள் பிளஸ் பக்கம் போய், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். "சார், மெஷின் ரிப்பேர்" என்று ஓடிவருவார்கள். ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. கைச்சூட்டில் நீளம் கூடிய கட்டை ஆறிச் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு டிகிரி ஏறினால் அந்தக் கட்டை சுமார் 1,150 நானோமீட்டர் நீளும். நீளத்தை 20 டிகிரி செல்சியஸ் கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்று 1931-இல் சர்வதேச அளவில் முடிவெடுத்தது இதனால்தான். எங்கள் அளவீட்டு அறைக் கதவில் 'சும்மா சும்மா திறக்காதே' என்று சாக்பீஸால் எழுதியே வைத்திருந்தோம்.

லேசர் ஒளியின் அலைநீளத்தையே அளவுகோலாக வைத்து அளக்கும் கருவி வந்தாலும் இந்தத் தொல்லை விடாது. காற்றின் சூடு மாறினால் அதில் போகும் ஒளியின் அலைநீளமும் மாறும். ஒரு மீட்டர் தூரத்தை அளக்கும்போது காற்று ஒரு டிகிரி மாறியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கிட்டத்தட்ட 1,000 நானோமீட்டர் பிசகும். மதியம் ஏசியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற அறையில் கடைசி இலக்கம் சொல்வது ஜோசியம்தான்.

சூட்டை விடுங்கள், கருவியே பொய் சொல்வதும் உண்டு. 1990-இல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியை அவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்திருந்தார்கள், ஆனால் தப்பான வடிவத்துக்கு. வடிவத்தைச் சரிபார்க்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. கண்ணாடியின் விளிம்பில் 2,200 நானோமீட்டர் அதிகமாகத் தேய்ந்துபோனது. வேறு இரண்டு சோதனைகள் கோளாறைக் காட்டத்தான் செய்தன. அந்தக் கருவிகள் அவ்வளவு துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டு, பெரிய கருவி சொன்னதையே நம்பினார்கள். 1993-இல் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் பார்வையைச் சரிசெய்ய முடிந்தது.

அடுத்த முறை இப்படிப்பட்ட கருவியைப் பார்க்கப் போகும் உங்கள் நிருபர், அதன் விலையோடு இன்னும் இரண்டு விஷயம் கேட்டு எழுதட்டும். அந்த அறையில் ஒரு நாளில் எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது? கருவியைக் கடைசியாக எதை வைத்துச் சரிபார்த்தார்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தர ஆய்வாளர்,
அம்பத்தூர்.