ஒலி ஒளியாக மாறாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அலைகளைப் பற்றி வந்த கட்டுரையின் நடுவில், "ஒலியின் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது ஒளியாக மாறிவிடும்" என்று ஒரு வரி இருந்தது. படிவம் 4 பயிலும் என் பேத்தி அந்த வரியின் கீழ்ப் பச்சை மையால் கோடிட்டு, வெட்டியெடுத்துத் தன் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருந்தாள். அது தவறு என்று நான் சொன்னபோது, "பேப்பர்லயே போட்டிருக்காங்களே தாத்தா" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவனுக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ள, அந்த நெருக்கமும் தளர்வும் மாறி மாறி முன்னேறிச் செல்வதே ஒலி. தள்ளுவதற்குப் பொருள் இல்லாத வெற்றிடத்தில் அதற்கு வழியே கிடையாது. ஒளியோ மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அதிரும் அலை. அதற்கு ஊடகம் தேவையில்லை என்பதால்தான் சூரியனின் வெளிச்சம் பதினைந்து கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி நம்மை வந்தடைகிறது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1865-இல் கணக்கிட்டுச் சொன்ன இத்தகைய அலைகளை இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் சோதனையில் காட்டி நூறாண்டுக்கும் மேலாகிவிட்டது. இவை தாங்கள் அறியாதவை அல்ல.

என் வகுப்பில் இதை விளக்க எனக்கு ஆய்வுக்கூடம் இருந்ததில்லை. காலி மைலோ டின் ஒன்றின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு அரிசியைத் தூவி வைப்பேன். பக்கத்தில் இன்னொரு டின்னைக் கரண்டியால் தட்டினால் அரிசி துள்ளும். அதே அரிசியின் மேல் டார்ச்லைட்டை எவ்வளவு நேரம் அடித்தாலும் ஒன்றுகூட அசையாது. பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். ஆண்டு 5 மாணவர்களுக்கு அன்று விளங்கிய வேறுபாடு இன்று அச்சில் அழிந்துபோவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதிர்வெண்ணைப் பற்றியே, அதாவது விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைப் பற்றியே, பேசுவோம். அதன் அலகுதான் ஹெர்ட்ஸ். கருவுற்ற பெண்களுக்கு ஸ்கேன் எடுக்கும் கருவியிலிருந்து வரும், காதுக்குக் கேட்காத மீயொலி ஏறத்தாழ 3 மில்லியன் ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. சிற்றலை வானொலியிலும் 3 மில்லியன் ஹெர்ட்ஸ் உண்டு. அதிர்வெண் ஒன்றாகவே இருந்தும், வானொலி அலையின் நீளம் 100 மீட்டர், உடலுக்குள் செல்லும் மீயொலியின் நீளம் அரை மில்லிமீட்டர். ஒன்று ஒளியின் இனம், மற்றது ஒலியின் இனம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியின் அதிர்வெண் 400 டிரில்லியன் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. அந்த வேகத்தில் காற்றை அதிரவைக்க முயன்றால் அலையின் நீளம் ஓர் அணுவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூறுகளே விலகி விலகி இருக்கும் காற்றில் அத்தகைய அலை எப்படி உருவாகும்?

இரண்டுக்கும் பொதுவான பண்புகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. எதிரொளிப்பும் விலகலும் தடை சுற்றி வளைவதும் இரண்டுக்கும் உண்டு. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியில், இரதம் திருப்பத்தில் தென்படுவதற்கு முன்பே தவில் சத்தம் நமக்குக் கேட்டுவிடுகிறது. தவிலின் கனத்த ஓசைக்கு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளம் இருப்பதால் அது கட்டட மூலையைச் சுற்றி வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால், இரதத்தைக் காண நாம் மூலைவரை நடக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் மனமாரப் பாராட்டியிருப்பேன்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்திருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் "ஒளியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர்" என்று அச்சாகியிருந்தது. லி, ளி மாறிய எழுத்துப் பிழைதான். ஆனால் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பதால், அந்த ஓர் எழுத்து எட்டு லட்சம் மடங்கைத் தின்றுவிட்டது. நான் எழுதிய கடிதத்திற்குப் பதிலாக, இரங்கல் விளம்பரங்களுக்குக் கீழே இரண்டு வரித் திருத்தம் வந்தது. பின்னொரு முறை, விண்மீன் வெடித்த சத்தம் விண்வெளி எங்கும் எதிரொலித்ததாக எழுதியிருந்தீர்கள். அதைச் சுட்டி நான் அனுப்பிய கடிதம் வெளியாகவே இல்லை. ஒலிக்கும் ஒளிக்கும் ஓர் எழுத்தே வேறுபாடாக அமைந்த மொழியில் பத்திரிகை நடத்துபவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அல்லவா விழித்திருக்க வேண்டும்?

நம் பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மலேசியப் பள்ளிகளில் 2003-இல் அறிவியலை ஆங்கிலத்திற்கு மாற்றினார்கள், பிறகு அந்த முடிவை மீட்டுக்கொண்டார்கள். இடைநிலைப்பள்ளியில் என் பேத்தி இயற்பியலை மலாயில் படிக்கிறாள். ஒலி போன்ற நெட்டலை, ஒளி போன்ற குறுக்கலை என்ற சொற்களை அவள் தமிழில் காணும் ஒரே இடம் தங்கள் ஞாயிறு பக்கம்.

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் மிருதங்கத்தின் இசையதிர்வுகளையும் ஆராய்ந்தார். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசும் பெற்றார். 1930களில் சக ஆய்வாளர் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, மீயொலி பாயும் திரவத்தின் வழியே ஒளி செல்லும்போது எப்படிச் சிதறிப் பிரிகிறது என்பதையும் விளக்கினார். ஒலியும் ஒளியும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் சந்தித்த அந்த ஆய்விலும் ஒலி ஒலியாகவே இருந்தது. அவர் பிறந்த மொழியில் இப்படி ஒரு வரி வந்திருக்கிறது.

வரும் ஞாயிறு, அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அறிவியல் கட்டுரைகளை அச்சுக்கு முன் பார்க்க ஆள் இல்லையெனில் எனக்கு அனுப்பி வையுங்கள். அன்றே படித்துத் திருப்பி அனுப்புகிறேன், ஊதியம் வேண்டாம். பேத்தியின் குறிப்பேட்டில் பழைய வரியின் மேல் ஒட்டுவதற்குப் புதிய துண்டு ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.