அந்த நாவலை மீண்டும் அலமாரியில் வையுங்கள்

ஏற்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியின் நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' நாவலைச் சென்ற வாரம் நூலகத்திலிருந்து நீக்கிவிட்டு, குழந்தையைக் கொல்லும் காட்சி மாணவர் மனத்தைக் கெடுக்கும் என்று காரணம் கூறியிருக்கிறீர்கள். அக்காட்சி கொடூரமானதுதான். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்த சிசுவைத் தன் தந்தையே ஊசி போட்டுக் கொல்வதைப் பார்த்துவிட்ட பன்னிரண்டு வயது ஜோனாஸ், அடுத்துக் கொல்லப்படவிருக்கும் கேப்ரியேல் என்னும் கைக்குழந்தையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக ஊரைவிட்டுத் தப்பியோடுகிறான். இதைப் படித்து எந்தப் பிள்ளையின் மனம் கெடும்? அருள்கூர்ந்து அந்நாவலைத் திரும்ப வையுங்கள்.

சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படியொரு காரணத்தைச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இங்கேதான். அந்த நாவல் வெளிவந்தது 1993இல். கள்ளிப்பாலைப் பற்றிப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதைப் பற்றி எங்கள் பிள்ளைகள் வாய்விட்டுப் பேச ஒரு கதை கிடைத்தால், அதையும் பூட்டி வைப்பதா?

ஜோனாஸ் தப்பிக்கத் தொடங்கும் இடத்தை என் மகள் படித்துக்கொண்டிருந்தபோது புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த ரிப்பனை மட்டும் உருவி அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்பா, அந்தப் பாப்பா பொழைச்சுக்குச்சா?" என்பதுதான். போனில் சொல்லிவிடக்கூடிய முடிவல்ல அது. வாசிப்பவரே உணர்ந்துகொள்ளட்டும் என்று ஆசிரியர் விட்டுவைத்த முடிவு. வேறு பிரதி வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே கொண்டுவந்து கொடுக்க நான் தயார். ஆனால் வெளிப் புத்தகங்களை விடுதிக்குள் அனுமதிப்பதில்லை என்பதும் உங்கள் விதியாயிற்றே! விடுதிப் பிள்ளைகளுக்கு உங்கள் நூலகத்தை விட்டால் வேறு கதி எது?

நூலக வகுப்பைக் கணக்குத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டபோதும், கதைப் புத்தக அலமாரியைப் பூட்டியபோதும் பெற்றோர்கள் பொறுத்துக்கொண்டோம். இதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பாக அந்நாவலை மீண்டும் அலமாரியில் வைக்குமாறும், இனி எந்த நூலையும் நீக்குவதற்கு முன் குழுவில் ஒருவராவது அதை முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று விதி செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை,
சேலம்