உன் எஸ்ஓபி பத்தி, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலேஜ் அப்ளிகேஷனோட வெக்க நீ எழுதி அனுப்பின எஸ்ஓபிய, அதான் ஏன் இத படிக்கணும்னு சொல்ற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ, நேத்து ராத்திரி ஒரு தடவ படிச்சேன், காலைல எழுந்து இன்னொரு தடவ படிச்சேன். ஃபோன்ல சொன்னா பாதிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பயோஎதிக்ஸ்ல, அதான் மருத்துவத்துலயும் ஆராய்ச்சிலயும் எது சரி எது தப்புன்னு பாக்கற படிப்புல, மாஸ்டர்ஸ் பண்ணப்போறேன்னு நீ சொன்ன அன்னைக்கு நான் ஒழுங்கா பேசல, அத படிச்சா என்ன வேலை கிடைக்கும்னுதான் டக்குனு கேட்டேன், உன் முகம் வாடினது வீடியோ கால்லயே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நிறைய யோசிச்சேன். 31 வருஷம் ஐசியுல நின்னிருக்கேன், அங்க என்னால தூங்க முடியாம போன ராத்திரி எல்லாமே மருந்து தெரியாததால வந்தது இல்ல, எது சரின்னு தெரியாததால வந்தது. அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குன்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல.

சரி, எஸ்ஓபி. ஆரம்பம் நல்லா இல்லம்மா. சின்ன வயசுலேர்ந்தே மனித உயிரோட மதிப்பு பத்தி யோசிப்பேன்னு எழுதிருக்க, அத யாரு வேணா எழுதலாம். அடுத்த பாரால 1947 நியூரம்பர்க் கோட், 1964 ஹெல்சின்கி பிரகடனம், 1979 பெல்மான்ட் ரிப்போர்ட்னு, மனுஷங்கள வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கான நெறிமுறை எல்லாம் வரிசையா வருது, எல்லாம் சரிதான், ஆனா இத படிக்கப்போற ப்ரொஃபசருங்க அதையே வருஷா வருஷம் பாடம் எடுக்கறவங்க. அவங்களுக்கு தெரியாதது உன்னை பத்தி மட்டும்தான்.

மூணாவது பாரால, நடுவுல புதைஞ்ச மாதிரி ஒரு விஷயம் எழுதிருக்க பாரு, அதுதான் உன் எஸ்ஓபி. மருந்து ட்ரையல்ல, அதான் புது மருந்த ஆளுங்களுக்கு குடுத்து சோதிக்கற ஆராய்ச்சில, இருந்த ஒரு பெரியவர் உனக்கு ஃபோன் பண்ணி "இந்த மாத்திரை எனக்கு குணமாகணும்னுதானே குடுக்கறீங்க"ன்னு கேட்டது. அவருக்கு போறது நிஜ மருந்தா, டம்மி மாத்திரையான்னு அவருக்கும் தெரியாது உனக்கும் தெரியாது, ஃபார்ம்ல எல்லாம் தெளிவா இருக்கு, அவர் கையெழுத்தும் இருக்கு, ஆனாலும் டாக்டர் நமக்குன்னு பாத்து குடுத்ததுன்னு நம்பறார். இப்படி ஆராய்ச்சிய சிகிச்சைன்னு தப்பா நம்பறதுக்கு தெரபியூட்டிக் மிஸ்கன்செப்ஷன்னு பேரு வெச்சு 1982லயே எழுதிட்டாங்க, ஆப்பல்பாம்னு ஒரு மனநல டாக்டரும் அவரோட கூட இருந்தவங்களும். நீ அந்த பேரு தெரியாமயே அதுல மாட்டி நின்னிருக்க. அங்கேர்ந்து ஆரம்பி. மத்ததெல்லாம் அதுக்கு பின்னாடி வரட்டும். அவரோட வியாதி, வயசு, ஊரு எதுவும் வேண்டாம், ஆள அடையாளம் தெரியற மாதிரி ஒரு வார்த்தையும் இருக்கக்கூடாது, இந்த படிப்புக்கு எழுதறதுலயே அத கவனிக்கலன்னா எப்படி.

ரைட்டிங் சாம்பிள்னு கேக்கறாங்கன்னு சொன்னியே, உன் லேப் ரிப்போர்ட்ட அனுப்பாத. அதுல நீ கண்டுபிடிச்சத எழுதிருப்ப. இவங்க பாக்கறது நீ எப்படி வாதம் பண்றன்னு, எதிர்ல நிக்கறவன் சொல்றத அவனே ஒத்துக்கற மாதிரி எடுத்து சொல்லிட்டு அப்புறம் ஏன் ஒத்துக்கலன்னு சொல்றியான்னு. இல்லன்னா புதுசா ஒண்ணு எழுது, நேரம் இருக்கு. ரெக்கமண்டேஷன் லெட்டரும் அப்படித்தான், பெரிய பதவில இருக்கறவர் நாலு வரி எழுதி குடுக்கறத விட உன்கூட உக்காந்து சண்ட போட்டு பேசின ஒருத்தர் ஒரு பக்கம் எழுதினா போதும். இப்பவே கேட்டு வை, கடைசி வாரத்துல போய் நிக்காத.

பணம் பத்தி அப்பா தனியா பேசுவார், எனக்கு தெரிஞ்சது மாஸ்டர்ஸுக்கு பிஎச்டி மாதிரி ஸ்டைபெண்ட் கிடைக்கறது கஷ்டம், பெரும்பாலும் நாமதான் கட்டணும். அதனால ஒவ்வொரு ப்ரோக்ராம்லயும் இப்ப படிக்கறவங்க ரெண்டு பேர்கிட்டயாவது பேசிட்டு முடிவு பண்ணு. ஹாஸ்பிட்டல்குள்ள கூட்டிட்டு போறாங்களா, ஒரு நோயாளி விஷயத்துல எது சரின்னு கூடி பேசற எதிக்ஸ் கன்சல்டேஷன் நடக்கும்போது உள்ள உக்கார விடறாங்களா, தீசிஸா இல்ல ப்ராஜெக்டா, போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க. ஒரு வருஷத்துல முடியறதும் இருக்கு, வேலை பாத்துக்கிட்டே ரெண்டு மூணு வருஷமா படிக்கறதும் இருக்கு. நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரி இந்த டிகிரிய காட்டினதும் வேலைல சேத்துக்க மாட்டாங்க, அத நீ தெரிஞ்சுக்கிட்டே போகணும். இது டாக்டர், வக்கீல், நர்ஸ், ரிசர்ச் பண்றவங்கன்னு ஏற்கனவே ஒரு தொழில் கைல வெச்சிருக்கறவங்க நிறைய வர்ற படிப்பு. உனக்கு ட்ரையல் அனுபவம் இருக்கு, ரிசர்ச் எதிக்ஸ் கமிட்டி பக்கம் போகலாம், அத விட்டுடாத.

உள்ள போனப்புறம் மொத ரெண்டு மாசம் கஷ்டமா இருக்கும். நீ சயின்ஸ் படிச்சவ, ஒரு பக்கத்துக்கு ஒரு பதில்னு பழகினவ, இங்க கான்ட், மில்லுனு தத்துவவாதிங்க எழுதினத முப்பது பக்கம் படிச்சு முடிச்சா முன்ன விட ஜாஸ்தி கேள்வியோட எழுந்துப்ப. பயப்படாத. அப்புறம் அந்த நாலு கொள்கை சொல்லி குடுப்பாங்க, பீச்சம், சில்ட்ரெஸ் ரெண்டு பேரும் 1979ல எழுதினது, நோயாளியோட சுயமுடிவு, நல்லது செய்யறது, கெடுதல் செய்யாம இருக்கறது, நீதி. நல்ல சாமான்தான். ஆனா எந்த கேஸ் வந்தாலும் நாலு டப்பால பிரிச்சு போட்டுட்டு பதில் வந்துடுச்சுன்னு நெனைக்கறவங்கள நான் கமிட்டி மீட்டிங்ல பாத்திருக்கேன், எனக்கு அது பிடிக்கல. நாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டற எடத்துலதான் வேலையே ஆரம்பிக்குது.

கேஸ் படிக்கும்போது ஆளுங்கள பாரு. டஸ்கீகின்னு அமெரிக்கால நடந்த ஒரு ஆராய்ச்சி பத்தி நீயும் படிப்ப, எல்லாரும் படிப்பாங்க. 1932லேர்ந்து 1972 வரைக்கும் அலபாமால 600 கறுப்பின ஆண்கள், அதுல 399 பேருக்கு சிஃபிலிஸ்னு பால்வினை நோய், வியாதி என்னன்னு ஒழுங்கா சொல்லாம "கெட்ட ரத்தம்"னு சொல்லி வெச்சிருந்தாங்க, அத குணப்படுத்தற பெனிசிலின் வந்தப்புறமும் குடுக்கல. இத எல்லாரும் டாக்டருங்க கதையா பேசுவாங்க. நீ யூனிஸ் ரிவர்ஸ்னு ஒரு நர்ஸ் இருந்தாங்களே அவங்கள பத்தி படி. டாக்டருங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, இவங்க மட்டும் தொடர்ந்து இருந்தாங்க, அவங்களும் கறுப்பினத்தவங்க, அந்த ஆளுங்கள கார்ல கூட்டிட்டு போறது, வீட்டுக்கு போய் விசாரிக்கறது, இறந்தா அடக்க செலவு தருவாங்கன்னு சொல்லி போஸ்ட்மார்ட்டத்துக்கு குடும்பத்துகிட்ட சம்மதம் வாங்கறது எல்லாம் அவங்கதான். நல்லது செய்யறோம்னு நம்பித்தான் செஞ்சாங்க. அத படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல. ஏன்னா அந்த எடத்துல நான் இருந்திருந்தா நானும் செஞ்சிருப்பேனோன்னு தோணுச்சு.

கேரன் ஆன் குயின்லன்னு நினைவு திரும்பாம வென்டிலேட்டர்ல இருந்த ஒரு அமெரிக்க பொண்ணோட கேஸும் அப்படித்தான், 1976ல நியூஜெர்சி கோர்ட் வென்டிலேட்டர எடுக்கலாம்னு சொல்லுச்சு, எடுத்தாங்க, ஆனா அந்த பொண்ணு தானா மூச்சு விட்டுக்கிட்டு 1985 வரைக்கும் இருந்துச்சு. ட்யூப் வழியா சாப்பாடு போயிட்டுதான் இருந்துச்சு, அத நிறுத்த சொல்லி அப்பா அம்மா கேக்கவே இல்ல. க்ளாஸ்ல தீர்ப்பு பத்தி பேசி முடிச்சிடுவாங்க. அந்த ஒம்போது வருஷமும் அந்த பொண்ண தினம் திருப்பி படுக்க வெச்சவங்கள பத்தி நீ கேள்வி கேளு.

இப்ப நான் உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். நீ ஸ்கூல் படிச்சுட்டு இருந்த சமயம். ராத்திரி ரெண்டு மணி, ஒருத்தருக்கு திடீர்னு மோசமாகி உடனே ஒரு ப்ரொசீஜர் பண்ணணும், வெளில அவர் மனைவி மட்டும் தனியா உக்காந்திருந்தாங்க. நான்தான் ஃபார்ம் எடுத்துட்டு போனேன். நாலு பக்கம். "இங்கயும் இங்கயும் கையெழுத்து போடுங்கம்மா, சீக்கிரம்"னு பேனாவ கைல குடுத்தேன். அவங்க கை நடுங்குச்சு, போட்டாங்க. அவர் பொழைக்கல. அதுக்காக யாரையும் நான் குத்தம் சொல்லல, பண்ணலன்னாலும் பொழைச்சிருக்க மாட்டார்னுதான் இப்பவும் நெனைக்கறேன். பத்து நாள் கழிச்சு ஏதோ பேப்பர் வாங்க அவங்க திரும்ப வந்தாங்க, என்னைய பாத்து நின்னு, "சிஸ்டர், அன்னைக்கு ராத்திரி நான் எதுக்கு கையெழுத்து போட்டேன்?"னு கேட்டாங்க. கோவமே இல்ல, நிஜமா தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாங்க. நான் "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். எனக்கு வேலை இருந்துச்சுதான், ஆனா அஞ்சு நிமிஷம் இல்லாம இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் போயிட்டேன். அதுக்கப்புறம் ஃபார்ம் எடுத்துட்டு போன ஒவ்வொரு தடவையும் மொதல்ல கீழ உக்காந்து, என்ன பண்ணப்போறாங்கன்னு நீங்க புரிஞ்சுக்கிட்டத எனக்கு சொல்லுங்கன்னு கேட்டுட்டுதான் பேனாவ எடுப்பேன். ஆனா அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லல.

உன் மூணாவது பாராவ திரும்ப திரும்ப படிச்சதுக்கு காரணம் இதான். அந்த பெரியவர் கேட்டத எழுதிருக்க, உனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சுன்னு எழுதிருக்க, உடனே அடுத்த வரில இன்ஃபார்ம்ட் கன்சென்ட்னா, அதான் விஷயம் புரிஞ்சு குடுக்கற சம்மதம்னா, என்னன்னு விளக்கத்துக்கு போயிட்ட. அவர் லைன்ல காத்துக்கிட்டு இருந்தப்ப நீ என்ன சொன்ன? அத எழுதி எனக்கு மொதல்ல அனுப்பு. சரியா சொல்லலன்னாலும் பரவாயில்ல, சொன்னத சொன்ன மாதிரியே எழுது. ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன், ரெண்டு பேரும் சேந்து பாத்துடலாம்.

அம்மா