கேனிஸ்டர் வாங்கியிருக்கும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. நியான் டெட்ரா மீனின் நீலக் கோடு மறுபடியும் பளிச்சென்று தெரிகிறது.

நீ நாலடி மீன்தொட்டி வைத்து, ஒரண்டா தங்கமீன் விட்டு, தொட்டிக்கு வெளியே வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டரும் வாங்கிவிட்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடையில் கொடுத்த மீடியாப் பைகளை, அதாவது ஃபில்டருக்குள் போடும் ஸ்பாஞ்ச், கல் முதலியவற்றை, எந்த வரிசையில் அடுக்குவது என்று கேட்டிருக்கிறாய். விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார். மூடியைத் திறந்தால் தட்டுகளின் ஓரமாக ஒரு வழி அடிவரை இறங்கும். உன்னுடையது போன்ற தட்டு வைத்த மாடல்களில் பெரும்பாலும், தொட்டித் தண்ணீர் அதன் வழியாக நேரே அடிக்குப் போய், தட்டுத் தட்டாக மேலே ஏறி, மூடியில் உள்ள மோட்டார் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். அப்படியென்றால் கீழ்த்தட்டுதான் முதல் தட்டு. அழுக்கைப் பிடிக்கும் ஸ்பாஞ்சை மேலேயும், பாக்டீரியா குடியேறும் கற்களைக் கீழேயும் வைத்தால் கழிவு முழுவதும் கற்களில்தான் போய் அடையும். மூடியை மூடுவதற்கு முன் இதை ஒருமுறை நிச்சயம் செய்துகொள்.

ஒரண்டாவுக்கு நான் சொல்வது இதுதான்: கல்லில் செலவழிப்பதைவிட ஸ்பாஞ்சுக்கு இடம் கொடு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, தின்றது சீக்கிரமே கழிவாக வெளியே வந்துவிடும். அந்தக் கழிவைத் தடுத்து நிறுத்தாமல் மேலே எவ்வளவு விலையுயர்ந்த கல் வைத்தாலும், அதன் துளைகள் சேறு பூசி அடைத்துப்போகும். கீழ்த்தட்டு முழுக்கப் பெரிய கண் ஸ்பாஞ்ச் போடு. நடுத்தட்டில் அதைவிடச் சிறிய கண். ஸ்பாஞ்ச் தட்டின் சுவரோடு இறுக்கமாக உட்கார வேண்டும். ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாகவே ஏறிவிடும். ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. அதன் இழைகளிலும் பாக்டீரியா குடியேறும். எளிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டும் நம்பிக் குஞ்சுகளை வளர்க்கிற பண்ணைகள் கொளத்தூர்ப் பக்கம் இருக்கின்றனவே.

வெள்ளைப் பஞ்சு தினசரிக்கு வேண்டாம். தண்ணீரைக் கண்ணாடிபோல் ஆக்கும், உண்மைதான். ஆனால் ஒரண்டா தொட்டியில் சீக்கிரமே அடைத்து ஓட்டத்தைக் குறைத்துவிடும். விருந்தாளி வரும்போது ஓரிரண்டு நாள் வைத்து எடுத்துவிடு. அதற்குப் பதிலாக உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டு. வாராவாரம் அதை மட்டும் கழற்றி அலசினால் கேனிஸ்டரைத் திறக்கும் வேலை வெகுவாகக் குறையும்.

மேல்தட்டுதான் கற்களுக்கு. நுண்துளை உள்ள கல் எதுவானாலும் சரி: பியூமிஸ், லாவா கல், சூடாக்கி ஒட்டவைத்த கண்ணாடித்தூள் உருண்டை. செராமிக் ரிங் வாங்கினால் காய்ந்த ரிங்கில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார். உறிஞ்சினால் நல்லது, வழுக்கி ஓடினால் அது பளபளப்பு ஏற்றியது. பயோ பால் என்கிற பிளாஸ்டிக் உருண்டை உனக்குத் தேவையில்லை. அது காற்றோடு தண்ணீர் சொட்டுகிற ஃபில்டருக்காக வந்தது. மூழ்கிக் கிடக்கும் கேனிஸ்டரில் இடத்தைத்தான் அடைக்கும்.

அந்தக் கற்களில் குடியேறும் பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். நாம் படித்த காலத்தில் இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று சொல்வார்கள். 1990களில் மீன்தொட்டிகளிலேயே ஆராய்ந்தபோது அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் நாம் அங்கே அலைந்து வாங்கிய, கூழாங்கல்லுக்கு அடியில் வைக்கிற அண்டர் கிராவல் ஃபில்டர் ஞாபகம் இருக்கிறதா? அதில் கூழாங்கல்லே இந்த வேலையைச் செய்தது, அழுக்கும் அங்கேயே சேர்ந்தது. இப்போது இரண்டையும் பிரித்து வைக்க முடிகிறது. கேனிஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உனக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மென்மையானது. இந்த மாற்றம் நடக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம். சென்னை போர் தண்ணீரில் இதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. உன் தொட்டியில் பி.எச். இறங்கிவிடக்கூடும், அதனால் மேல்தட்டில் ஒரு சின்ன வலைப்பையில் கோரல் சிப்ஸ் (பவளத் துண்டுகள்) போட்டு வை. ஒரண்டாவுக்கு அந்தக் கடினத்தன்மை ஒத்துவரும்.

கடைக்காரர் கொடுத்த கார்பனைத் தனியே எடுத்து வை. மருந்து போட்டு முடித்தபின் மிச்சத்தை வெளியேற்ற அது வேண்டும். மருந்து போடும்போது உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும். என் ஏஞ்சல் மீன் தொட்டியில் பாதாம் இலை போடுவதால் நான் கார்பன் பக்கமே போவதில்லை. இலையின் சாற்றையும் அது எடுத்துவிடும்.

வெள்ளைக் கல்லாக ஒரு பை இருக்கும், ‘அம்மோனியா ரிமூவர்’ என்று போட்டிருக்கும். அது ஜியோலைட். மீன் கொஞ்சம் சோர்ந்தாலும் கல் உப்புப் போடுகிற உன்னைப் போன்றவர் வீட்டில் அது இருக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் பிடித்து வைத்த அம்மோனியாவைத் திரும்ப விட்டுவிடும். உப்பில் ஊறவைத்துத்தான் அதைப் புதுப்பிக்கவே செய்கிறார்கள்!

கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் அலசு, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். எல்லாத் தட்டையும் ஒரே நாளில் கழுவாதே. கற்களை லேசாக அலசினால் போதும்.

அப்புறம் ஒன்று. பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளில் கேனிஸ்டருக்குள் அடைபட்ட தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதே. உள்ளே இருக்கும் தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு போடு. முடிந்தால் பகல் முழுவதும் கற்களைத் தொட்டித் தண்ணீர் உள்ள டப்பில் போட்டு பேட்டரி ஏர் பம்ப் வை.

பழைய உள் ஃபில்டரை உடனே எடுத்துவிடாதே, ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும். என் மருமகன் அடுத்த வெள்ளிக்கிழமை சேரன் எக்ஸ்பிரஸில் கோவை வருகிறான். என் ஃபில்டரில் ஓடிக்கொண்டிருக்கும், பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய பியூமிஸில் ஒரு பங்கை ஈரத்துணி சுற்றி, காற்றுப் போகிற டப்பாவில் கொடுத்து அனுப்புகிறேன். என் தொட்டியில் இப்போது நோய் எதுவும் இல்லை, தைரியமாகப் போடலாம். காலையில் ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பு. வீட்டுக்கு வந்ததும் காயவிடாமல் நேராக மேல்தட்டில் வை. தீனியை முதல் வாரம் பாதியாகக் குறை. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் என்ன நிறம் வருகிறது என்று எனக்குச் சொல்லு.

அன்புடன்,
ராமு